ஏழு தூளி மரம்

கொக்கேந்தல் கண்மாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத மரம் ஒன்று நிற்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பங்குனி வெயிலில் உச்சிப்பொழுதுக்கு அந்தப் பக்கம் நடந்து வந்தால் அவர்கள் கால் தானாக அந்த நிழலுக்குத்தான் போகும், அப்போதும் சிரிக்கிறார்களா என்று பார்ப்போம். அந்த மரத்தை முதலில் கண்டுபிடித்தவள் குருவம்மா. அவள் கண்டுபிடித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அவள் கைதான் கண்டுபிடித்தது.

குருவம்மாவுக்கு அப்போது முப்பத்தாறு வயசு. சின்னதிலே இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிப் போனதில், முழங்காலில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள். கல்யாணம் காட்சி ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் பொண்டாட்டி பஞ்சவர்ணம் கெட்டவள் இல்லை, ஒரு நாளும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசினவள் இல்லை, ஆனால் குருவம்மாவுக்குச் சோறு போடுகிறபோது மட்டும் அவள் கையிலிருந்த கரண்டி சட்டியில் கொஞ்சம் சத்தமாக இடிக்கும். அந்தச் சத்தத்தை இருபது வருசமாகக் கேட்டுக் கேட்டு, கரண்டி எழும்பும்போதே "போதும் மதினி" என்று சொல்லிப் பழகியிருந்தாள். அரைவயிறும் கால்வயிறுமாக எழுந்து கை கழுவிப் போய்ப் படுப்பாள். அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. தான் உழைத்து வாங்கின அரிசியைத் தானே உலையில் போட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ரெண்டாவது தடவை போட்டுச் சாப்பிட வேண்டும். இம்புட்டுதான், இதுக்கு மேல் அவள் சாமியிடம்கூடக் கேட்டதில்லை.

நூறு நாள் வேலை அட்டை அவளுக்கும் இருந்தது, இருந்து என்ன பண்ண? கண்மாயில் பத்துப் பேர் சேர்ந்து வெட்டின குழியை டேப் வைத்து அளந்துதான் கூலி போடுவார்கள். அதில் ஒருத்தி வெட்டாமல் நின்றால் மத்த ஒன்பது பேருக்கும் அடி விழும். அதனால் எந்தக் குழுவும் அவளைச் சேர்க்காது. "வாத்தா, வந்து ஒக்காரு" என்பார்களே தவிர, அட்டையை வாங்க மாட்டார்கள். அவர்களையும் குத்தம் சொல்ல முடியாது, அவரவருக்கு அவரவர் வயிறு.

அந்த வருசம் பணித்தளப் பொறுப்பாளராக வினோதினி வந்தாள். பன்னிரண்டாவது முடித்த பிள்ளை. ஆள் வந்ததைக் குறிக்கிறது, காலையும் மத்தியானமும் போனில் போட்டோ பிடித்து ஏத்துகிறது, மேலத்தெருவும் கீழத்தெருவும் முடியைப் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது, எல்லாம் அவள் பொறுப்பு. அவள்தான் எங்கேயோ துழாவி ஒரு விதியை எடுத்தாள். வேலை நடக்கிற இடத்தில் அஞ்சு சின்னப் பிள்ளைகள் இருந்தால், அதுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பொம்பளையைப் போடலாம், மண் வெட்டுகிறவளுக்கு என்ன கூலியோ அதே கூலி அவளுக்கும் உண்டு. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது குருவம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நெசமாவா பாப்பா?" என்று மூணு தடவை கேட்டாள். பஞ்சவர்ணம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

வேலை வந்தது, நிழல் வரவில்லை. போன வருசம்தான் ஜேசிபி வந்து கண்மாய்க்குள் இருந்த சீமைக்கருவேலத்தைப் பிடுங்குகிறேன் என்று சொல்லி, அதோடு சேர்த்து நின்ற நல்ல மரத்தையும் பிடுங்கிவிட்டுப் போயிருந்தது. ஒரு குச்சி இல்லை. ஒன்றியத்திலிருந்து கொடுத்த தார்ப்பாய் முதல் நாள் காத்திலேயே பறந்து, பக்கத்து ஊர்க்காரன் வைக்கோல்போரில் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் அது சாமி கொடுத்தது என்று சொல்லிவிட்டான். ஓவர்சியர் கதிரேசன் போனில் வினோதினியிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "நிழல் இல்லாத இடத்துல பிள்ளைகளப் போட்டு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். நாளைக்கும் நிழல் இல்லேன்னா அந்தம்மா வேலைய நிறுத்திரு." குருவம்மா பக்கத்தில்தான் நின்றாள், போனில் பேசினது எல்லாம் அவள் காதிலும் விழுந்தது. அன்றைக்குக் கரண்டி எழும்புவதற்கு முன்னாலேயே போதும் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே கண்மாய் கொதித்தது. தாய்மார்கள் பிள்ளைகளை அவள் காலடியில் இறக்கிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிப் போனார்கள். ஏழு பிள்ளைகள். ஏழும் ஒரே நேரத்தில் அழுதன. ராக்கு என்கிறவளின் கைக்குழந்தை, நாலு மாசம், அழுது அழுது சத்தம் போய் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. பிள்ளை அழுதால் தூளி கட்டவேண்டும், குருவம்மா கைக்கு அது தெரியும், அண்ணன் பிள்ளைகள் மூணுக்கும் கட்டி ஆட்டின கை. பழைய சேலையை உதறி, ஒரு முனையை உயரே வீசினாள். மேலே மரம் இருக்கிறதா இல்லையா என்று கை யோசிக்கவில்லை. சேலை மேலே போனது, வளைந்தது, அந்தப் பக்கமாக இறங்கி முனை அவள் கைக்கே வந்தது. அவள் முடிச்சுப் போட்டாள், இழுத்துப் பார்த்தாள், கெட்டியாக இருந்தது. பிள்ளையைப் போட்டு ஒரு ஆட்டு ஆட்டினாள், அப்போது அவளைச் சுற்றி நிழல் விழுந்திருந்தது, களம் அளவுக்கு, இலை இலையாக, காத்துக்கு அசைந்துகொண்டு.

வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "அந்தா நெழல் விழுந்துருச்சு" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் தண்ணி குடிக்கிற சாக்கில் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். ராக்கு தூளிக்குள் எட்டிப் பார்த்துப் பிள்ளை தூங்குவதைக் கண்டதும், வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இத நேத்தே கட்டிப் பாத்துருக்க வேண்டியதுதான? வீணா ஒரு நாளு பிள்ளையக் காயப் போட்டுட்ட" என்று குருவம்மாவை வைதாள். குருவம்மா "அயத்து மறந்து போச்சு யக்கா" என்றாள்.

பத்து மணிக்குள் ஏழு தூளியும் கட்டியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கிளை எங்கே இருக்கிறது என்று கையைத் தூக்கித் தடவிப் பார்த்துத்தான் கட்டினாள். ஒரு வாரத்தில் அந்த மரம் முழுக்க அவளுக்கு மனப்பாடம். அடிமரம் எங்கே என்று தெரியும், நடக்க முடியாதபோது அதில்தான் சாய்ந்துகொள்வாள். அவள் கை ரெண்டும் சேர்ந்து அணைக்க முடியாத பருமன். தென்பக்கத்துக் கிளை தாழ்ந்தது, கிழக்குக் கிளை கவைபிரிந்தது, வடக்கே ஒரு பொந்து, அதில் தண்ணிச் செம்பை வைத்தால் ஜில்லென்று இருக்கும். மத்தவர்கள் கையை நீட்டினாலும் தட்டுப்படத்தான் செய்யும், ஆனால் யார் ஒரு நாள் முழுக்க நின்று தடவிப் பார்த்தார்கள்? அவர்களுக்கு நிழல் போதும்.

அது என்ன மரம் என்பதில்தான் ஊருக்குள் சண்டை. இலைநிழல் பொடியாக இருக்கு, புளிதான் என்றார்கள் கீழத்தெருக்காரர்கள். புளியாக இருந்தால் பிள்ளைகளுக்குச் சளி பிடித்திருக்கும், இது வாகை என்றார்கள் மேலத்தெருக்காரர்கள். பிடுங்கிப் போட்ட மரத்தில் ஒன்று வேண்டாவெறுப்பாகத் திரும்பி வந்திருக்கிறது என்று டீக்கடையில் ஒருத்தர் சொன்னார், அவரும் அதைப் பாதியில் விட்டுவிட்டுக் கட்சிப் பேச்சுக்குப் போய்விட்டார். சித்தெறும்பு இறங்கிக் கடித்தபோது பொம்பளைகள் மரத்தைத் திட்டினார்கள். காகம் ரெண்டு வந்து அந்தரத்தில் சுள்ளியும் கம்பியும் வைத்துக் கூடு கட்டின. ஆட்டுக்கார ராமு தொரட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, தழை ஒடிக்கலாமா என்று கேட்டார். "ஒடிச்சா நெழலு ஓட்டை விழுகும்ணே" என்றாள் குருவம்மா. அதுவும் சரிதான் என்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். சீட்டு விளையாட வந்த ஆம்பளைகளை வெளக்குமாத்தைக் காட்டி விரட்டினாள்.

மேலத்தெருத் தாய்மார் ரெண்டு பேர், எங்கள் பிள்ளைத் தூளியை மட்டும் கிழக்குக் கிளையில் தனியாகக் கட்டு, மத்ததெல்லாம் இந்தப் பக்கம் இருக்கட்டும் என்று வந்து நின்றார்கள். குருவம்மா ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. "கெழக்குக் கெளை எதுன்னு காட்டுங்க மதினி, கட்டிர்றேன்" என்றாள். அவர்கள் ஆகாயத்தைப் பார்த்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், வேலைக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்கள். அதற்கப்புறம் எந்தப் பிள்ளை நசநசவென்று அழுகிறதோ அதுக்குத்தான் காத்தோட்டமான கிளை, அது எந்தத் தெருப் பிள்ளையாக இருந்தாலும் சரி.

கோயில் ஆட்கள் வந்தது அதைவிடப் பெரிய தொல்லை. பூசாரியும் நாட்டாமையும் மஞ்சள் துணியோடும் உண்டியலோடும் வந்து, சாமி மரம் இது, ஒரு சூலத்தை நட்டுவிடலாம் என்றார்கள். குருவம்மாவுக்கு வந்தது பாருங்கள் கோபம். "சாமின்னு நீங்க சொல்லிட்டா நாளைக்குப் பிள்ளைக இங்கன மூத்திரம் பெய்யக்கூடாதும்பீக. தூரமா இருக்கறவ பால் குடுக்க உள்ள வரக்கூடாதும்பீக. அப்பறம் செருப்பக் கழட்டும்பீக. அதெல்லாம் நடக்காது. இது சும்மா மரந்தேன், போங்க." அவள் அம்புட்டுச் சத்தமாகப் பேசி ஊர் கேட்டதே இல்லை. சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு பயல் தூளியிலிருந்தே பூசாரியின் தோளில் மூத்திரம் பெய்தான். பூசாரி மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டார். அந்தத் துணியை இனி எங்கே கட்ட முடியும், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

கூலி பேங்கில் ஏறின அன்றைக்கு குருவம்மா ரேசன் அரிசி வாங்கவில்லை, கடையில் பொன்னி அரிசியாக வாங்கினாள். தானே உலை வைத்தாள். கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றி ஒரு தடவை சாப்பிட்டாள், ரெண்டாவது தடவை போட்டுச் சாப்பிட்டாள், மூணாவது தடவை சோறு எடுக்கப் போகையில் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்து தட்டில் விழுந்தது. பஞ்சவர்ணம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்கும் கொஞ்சம் வையி" என்று தட்டை நீட்டினாள். குருவம்மா கரண்டிச் சத்தம் கேட்காமல் பைய வைத்தாள்.

பிள்ளைகளை விட இடம் இருக்கிறது என்று தெரிந்ததும், வீட்டோடு கிடந்த பொம்பளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் அட்டையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே ஏழு தூளியில் மாறி மாறித் தூங்கின. கண்மாய் ஆழமாகிக்கொண்டே போனது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வினை போட்டோ வழியாக வந்தது. மேலே எங்கேயோ ஒரு ஆபீசில் யாரோ ஒருத்தர் கொக்கேந்தல் போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்திருக்கிறார். ஏழு தூளி ஆகாயத்திலிருந்து தொங்குகிறது. நிழல் என்ற கட்டத்தில் கொட்டகையா, தார்ப்பாயா, மரமா என்று கேட்டதற்கு வினோதினி மரம் என்று குறித்திருக்கிறாள். போட்டோவில் மரம் எங்கே? பொய்த் தகவல், பிள்ளை பார்க்கிற வேலையை ரத்து பண்ணு என்று காகிதம் வந்துவிட்டது.

ஓவர்சியர் கதிரேசன் பைக்கில் வந்து இறங்கினார். நெத்தியெல்லாம் வியர்வை. நேராக நிழலுக்கு வந்து நின்று, கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டு, தூளி முடிச்சுக்கு மேலே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். எறும்பு கடித்தது, கையை உதறினார்.

"மரம் இருக்கு" என்றார்.

"இருக்குல்ல சார்?" என்றாள் வினோதினி.

"எனக்குத் தெரியுதும்மா. எனக்குத் தெரிஞ்சு என்ன? மேல இருக்கவங்களுக்குப் போட்டோவுல தெரியணுமே! தெரியலேன்னா நான் கையெழுத்துப் போட முடியாது. எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு, வேலையப் பாக்கணும்ல." குருவம்மாவின் பக்கம் திரும்பி, கொஞ்சம் குரலைத் தணித்து, "ஒங்க மேல கோவம் ஒண்ணும் இல்லம்மா. தூளிய அவுத்துருங்க" என்றார்.

கண்மாய்க்குள் மண்வெட்டிச் சத்தம் நின்றுபோனது. தாய்மார்கள் மேலே ஏறி வந்து சுற்றி நின்றார்கள். சுண்ணாம்பு அடித்துப் பார்ப்போம் என்றாள் ஒருத்தி, ஒரு வாளி சுண்ணாம்பை ஊற்றினார்கள், அது எதிலும் ஒட்டாமல் தரையில் வடிந்தது. கலர் துணி கட்டுவோம் என்றாள் இன்னொருத்தி. "தூளியே துணிதானம்மா, அதத்தான நம்ப மாட்டேங்கறாங்க" என்றார் ஓவர்சியர். அப்புறம் அவரே மோவாயைத் தடவி யோசித்துவிட்டு, "ஒரு ஆளு மேல ஏறி ஒக்காந்தா போட்டோவுல விழும். இந்தப் போன் மிசினுக்குத் தூளியத் தெரியாது, மனுச மொகந் தெரியும். அட்டையில இருக்க மொகமும் இதுவும் ஒண்ணுன்னு அது ஒத்துக்கிட்டா, அப்பறம் எவனும் மறுத்துப் பேச முடியாது" என்றார்.

ஆம்பளைகள் நாலு பேர் முன்னால் வந்தார்கள். ஒருத்தன் அடிமரத்தைத் தேடிக் கையை நீட்டிக்கொண்டு, இருட்டில் கொல்லைக்குப் போகிறவன் மாதிரி தடவித் தடவி நடந்தான். ரெண்டடி ஏறினவன் கீழே குனிந்து பார்த்தான், காலுக்கடியில் ஒன்றுமே இல்லை, தலை கிறுகிறுத்து இறங்கிவிட்டான். "கால் வைக்கற எடந் தெரியாம எப்பிடி சார் ஏறுறது?" என்றான். மத்த மூணு பேரும் அவனைப் பார்த்து, அதான, அதான என்று பின்வாங்கினார்கள்.

"நான் ஏறுறேன்" என்றாள் குருவம்மா.

ராக்கு பதறிப்போனாள். "ஏண்டி, நீ தரையிலயே தட்டுத்தடுமாறி நடக்கற. விழுந்து கெடந்தீன்னா ஒன்னய யாருடி பாக்கறது?"

"இந்த வேலை போனாலும் யாருக்கா என்னயப் பாக்கறது?" என்றாள் குருவம்மா. ராக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, "ஆம்பளைக எல்லாம் அங்கிட்டுத் திரும்புங்க, பொம்பள மரம் ஏறுறா! சார் மட்டும் பாருங்க, போட்டோ எடுக்கணும்" என்று கத்தினாள். ஆம்பளைகள் எல்லாம் வரிசையாகக் கரையைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

குருவம்மா சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒம்பது வயசு வரைக்கும் தரையில் கையால் ஊர்ந்த பிள்ளை அவள், காலுக்கும் சேர்த்துக் கைதான் வேலை பார்த்தது, ரெண்டு புஜமும் உரல் மாதிரி. தென்பக்கத்துத் தாழ்ந்த கிளையைப் பிடித்து எம்பினாள். நல்ல காலை ஊன்றினாள், சூம்பின கால் பாட்டுக்குத் தொங்கியது, அது மரம் ஏறுவதற்கு ஒரு இடைஞ்சலும் பண்ணவில்லை. பொந்தில் விரலைக் கொடுத்தாள், கவையில் முழங்கையைப் போட்டாள். பார்க்கிறவர்களுக்கு ஒரு பொம்பளை வெறும் வெயிலைப் பிடித்துப் பிடித்து ஏறுகிற மாதிரிதான் இருந்தது. காகம் ரெண்டும் கத்திக்கொண்டு அவள் தலையைச் சுற்றின. கிழக்குக் கிளையின் கவையில் போய் உட்கார்ந்து, அதற்கப்புறம்தான் கண்ணைத் திறந்தாள்.

ஊர் முழுக்கக் கீழே இருந்தது. எல்லார் முகத்தையும் அண்ணாந்தே பார்த்துப் பழகினவள், எல்லார் உச்சந்தலையையும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். வினோதினியின் வகிடு கோணலாக இருந்தது. ஓவர்சியருக்கு நடுமண்டை வழுக்கை. அண்ணன் வீட்டு ஓட்டின் மேல் பஞ்சவர்ணம் வத்தல் காயப் போட்டிருந்தாள். குருவம்மா பயத்தில் பாதி, சந்தோசத்தில் பாதி, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதீங்கம்மா, மொகம் ஆடுது" என்று ஓவர்சியர் கீழேயிருந்து கத்தினார். அவள் வாயை மூடினாள். மிசின் யோசித்தது. அதில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. எல்லாரும் அந்தச் சின்னக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிங் என்று ஒரு சத்தம் வந்து பச்சை விழுந்தது. குருவம்மா, வேலை அட்டை எண் சரி, ஆள் சரி, இடம் சரி.

பொம்பளைகள் குலவை போட்டார்கள். ஓவர்சியர் பைலைத் திறந்து பேனாவை எடுத்தவர், எழுதாமல் மேலே பார்த்தார். "ஒரு சிக்கல் இருக்கும்மா. மரம்னு எழுதிட்டா, தண்ணி நிக்கற எடத்துல மரம் இருக்கக்கூடாதுன்னு இன்னொரு விதி இருக்கு. வெட்டணும்னு வருவாங்க."

"வரட்டுமே சார்" என்றாள் குருவம்மா மேலேயிருந்து. "எங்கன வெட்டணும்னு என்கிட்டதான கேக்கணும்?"

ஓவர்சியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தொடையில் பைலை வைத்து எழுதினார், கையெழுத்துப் போட்டார், தேதியும் போட்டார். தாய்மார்களும் ஆம்பளைகளும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார்கள். பேச்சுவாக்கில் ஒரு மணி நேரம் போய்விட்டது, அளவு குறைந்துவிடும். வினோதினியும் அவர்கள் பின்னாலேயே ஓடினாள்.

அப்போதுதான் கடைசித் தூளியில் ராக்குவின் பிள்ளை முழித்துக்கொண்டு வீல் என்று கத்தியது.

"எழுதியாச்சா சார்?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"எழுதியாச்சும்மா."

"அப்ப அந்தத் தூளியக் கொஞ்சம் ஆட்டுங்க. நான் எறங்க நேரமாகும்."

ஓவர்சியர் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார். ஒருத்தரும் இல்லை. பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூளியைப் பிடித்து ஆட்டினார்.

"வெரசா ஆட்டாதீக, பிள்ளை பயந்துரும். பைய ஆட்டுங்க."

"சரிம்மா" என்றார் அவர், பைய ஆட்டினார்.